கானிவேலுக்கு ஆள் போடுவது எப்படி? கேட்டவர்களுக்குப் பதில்

கொழும்பில் பதினைந்து வருஷமாகக் கானிவேல்களுக்கும் பாடசாலைக் களியாட்ட விழாக்களுக்கும் ஆள் சேர்த்துக் கொடுக்கிறேன். டிசம்பர் நெருங்குகிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி: எங்கள் பழைய மாணவர் சங்கம் மூன்று நாள் கானிவேல் வைக்கிறது. ஒரு ஜயன்ட் வீல், ஒரு மெரி-கோ-ரவுண்ட், பிள்ளைகள் துள்ளி விளையாடக் காற்றடைத்த ஒரு பவுன்சி காசில், பத்துக் கடை. எத்தனை பேர் வேண்டும் அண்ணா?

மொத்தக் கணக்கை முதலில் போடாதீர்கள் தம்பி. மைதானத்தை ஒரு தாளில் வரைந்து, ஒரு நிமிஷம்கூடக் கண் விலகக் கூடாத இடங்களில் புள்ளி வையுங்கள். வீலில் சுவிட்ச் பெட்டிக்கு ஒருவர், ஏற்றி இறக்க இருவர், வரிசையைப் பார்க்க ஒருவர். வாசல், ரிக்கெட் மேசை, ஜெனரேட்டர் பக்கம் என்று போய்க்கொண்டே இருங்கள். அப்புறம், மூன்று புள்ளிக்கு ஒரு மாற்றாள் சேருங்கள். இந்த மாற்றாளைத்தான் எல்லோரும் செலவென்று வெட்டுகிறார்கள். நான் விடமாட்டேன்.

காரணம் இருக்கிறது. ஒரு விழாவில் ஏற்பாட்டாளர்கள் மாற்றாள் தேவையில்லை என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். பின்னேரம் மூன்று மணிக்கு வீலில் ஆட்களை ஏற்றி இறக்க நின்ற பொடியன் இரவு பத்துக்கும் அதே இடத்தில் நின்றான். ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் ஏறினார்கள். கதவைச் சாத்தினான், கொளுக்கியைப் போட்டான், ஆனால் கொளுக்கி கழராமல் பூட்டும் பின்னைக் குத்தவில்லை. அது சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்ததை வரிசையில் நின்ற ஒரு ஐயா கண்டு கத்தினார். வீல் அரை அடிகூட நகரவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொடியனில் பிழை இல்லை. ஏழு மணி நேரம் ஒரே கதவைப் பார்த்தால் கண் பார்க்கும், மூளை பார்க்காது. அன்றிலிருந்து ஏற்றி இறக்குபவரை முக்கால் மணிக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒவ்வொரு பின்னையும் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் இழுத்தும் பார்க்கச் சொல்கிறேன்.

தெஹிவளை: எங்கள் பொடியன்களே வீலை இயக்கலாமா? ஒரு நாளில் பழகிவிடுவார்கள்.

வேண்டாம். சுவிட்சில் வீல்காரரின் ஆள்தான் இருக்க வேண்டும். உங்கள் பொடியன்கள் ஏற்றி இறக்கட்டும். அவர்களுக்கும் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: அடுத்தடுத்த கூண்டுகளை நிரப்பக் கூடாது. ஒன்றில் ஏற்றினால் அடுத்து அதற்கு நேர் எதிர்க் கூண்டில் ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் பாரமானால் மோட்டாரும் பிரேக்கும் திணறும். தினமும் திறக்கும் முன் வெறும் வீலைச் சுற்றவிட்டு, சத்தத்தைக் கவனித்து, நேரத்தையும் பெயரையும் கொப்பியில் எழுதுங்கள்.

மட்டக்குளி: பவுன்சி காசிலுக்குத் தனியாக ஆள் வேண்டுமா?

கட்டாயம். அதை விட்டு அசையாத ஒருவர். காற்று மணிக்கு 38 கிலோமீற்றரைத் தாண்டினால் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி. கடற்கரைப் பக்கம் வைத்தால் கம்பி, முளை எல்லாவற்றையும் அடிக்கடி பாருங்கள்.

வெள்ளவத்தை அக்கா: நாட்சம்பளம் எவ்வளவு? ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிய பிள்ளைகளை எடுக்கலாமா?

2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த நாட்சம்பளம் 1,200 ரூபா, மாதத்துக்கு 30,000. அது அடித்தளம்தான் அக்கா. இரவு வேலைக்கு அந்தத் தொகையில் நல்ல ஆள் நிற்கமாட்டார். சாப்பாட்டுப் பார்சலும் கடைசி பஸ் போனபின் வீட்டுக்குப் போகும் செலவும் உங்களுடையது. தற்காலிக ஆளுக்கும் சேமலாப நிதி உண்டு: ஊழியர் 8 வீதம், நீங்கள் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். 16 வயதுக்குக் கீழே யாரையும் எடுக்க முடியாது, 2021இல் சட்டம் மாறிவிட்டது. 18 வயது ஆகாதவர்களை ரிக்கெட் மேசையில் இருத்துங்கள், இயந்திரத்துக்குக் கிட்ட விடாதீர்கள்.

வத்தளை: பிள்ளை தொலைந்தால் மைக்கில் அறிவிக்கலாமா?

தாய் தகப்பனை, தொலைந்த பிள்ளைகளுக்கென்று வைத்த மேசைக்கு வரச்சொல்லி மட்டும் அறிவியுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். பிள்ளையின் பெயர், சட்டை நிறம் எதையும் மைக்கில் சொல்லாதீர்கள். கேட்கிற அந்நியனுக்கு அதுவே போதும், கூட்டிக்கொண்டு போய்விடுவான். வருகிறவர்தான் பிள்ளையின் உடுப்பை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மேசையில் இரண்டு பேர், அதில் ஒரு பெண், இரண்டு மொழியும் தெரிந்தவராக. இந்த மேசைக்கு நான் என் ஆட்களில் மிகப் பொறுமையானவரைத்தான் போடுவேன். அழுகிற பிள்ளைக்கு முதலில் தண்ணீர் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி: இடி மின்னல் வந்தால் யார் முடிவெடுப்பது?

ஒரே ஒருவர், அவர் பெயர் எல்லா ஆட்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை கொழும்பில் வழமை. இடி கேட்டதுமே ஏற்றுவதை நிறுத்தி, இருப்பவர்களை ஒவ்வொரு கூண்டாக இறக்க வேண்டும். ரிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள், சண்டையும் வரும். அதற்காக வாசலில் சில்லறையோடு ஒருவரை முதலிலேயே நிறுத்தி வையுங்கள். 1990 அம்புலன்ஸ், 110 தீயணைப்பு, 119 பொலிஸ், இந்த மூன்று இலக்கங்களையும் எல்லோருடைய அடையாள அட்டையின் பின்பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள்.