செடிக்கு உரம் உணவா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 'தாவரங்கள் தம் உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன' என்று நடத்தி முடித்த மறுநாள் ஒரு மாணவி உரப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தாள். 'செடிகளுக்கான முழு உணவு' என்று அதில் அச்சடித்திருக்கிறது. "தானே சமைக்கிற செடிக்குக் கடைச் சாப்பாடு எதுக்கு டீச்சர்?" என்றாள். 'உணவெனப்படுவது நிலத்தொடு நீரே' என்ற புறநானூற்று வரியைச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அது வினையாகிவிட்டது. அப்படியானால் தண்ணீர் உணவா, உப்பு உணவா, வைட்டமின் மாத்திரை உணவா என்று வகுப்பே கிளம்பிவிட்டது. அகராதியில் 'உண்ணப்படும் பொருள்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் எந்தப் பொருளை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது?

சுமதி

அன்புள்ள சுமதி,

மாணவியின் கேள்வி சரியானது. பாடநூலும் பாக்கெட்டும் ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன. அகராதி சொல்வது வாய் உள்ளவர்களுக்குப் போதும். செடிக்குப் போதாது.

உயிரியலில் ஒரு பொருளை உணவு என்று சொல்ல இரண்டு வேலைகளைப் பார்ப்பார்கள். அதை உடைத்தால் உயிரணுவுக்கு ஆற்றல் கிடைக்க வேண்டும். உடலைக் கட்ட அது மூலப்பொருளாகவும் ஆக வேண்டும். சர்க்கரை, மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் ஆகியவை இந்த இரண்டுக்கும் உதவும். செடி தயாரிப்பதும் இவற்றைத்தான். பாக்கெட்டில் மூன்று எண்கள் இருக்கும், பாருங்கள். 19-19-19 என்றிருந்தால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஒவ்வொன்றும் எடையில் 19 விழுக்காடு என்று பொருள். இவற்றிலிருந்து செடிக்கு ஒரு கலோரிகூடக் கிடைக்காது. புரதமும் பச்சையமும் செய்யத் தேவையான உதிரிப் பொருள்கள் இவை. ஊட்டச்சத்து என்றோ வெறுமனே சத்து என்றோ சொல்வதுதான் பொருத்தம். ஆங்கிலப் பாக்கெட்டை அப்படியே தமிழாக்கியதில் வந்த வினை இது. நம்மிடம் உரம், சத்து, தீவனம், இரை என்று தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது எல்லாவற்றையும் 'உணவு' என்ற ஒரே சாக்கில் கொட்ட வேண்டியதில்லை.

கெட்டிக்கார மாணவர் யாராவது யூரியாவை எடுத்துக்கொண்டு வரக்கூடும். 'அதில் கார்பன் இருக்கிறதே, அது உணவு இல்லையா?' என்பார். யூரியாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன்தான். ஆனால் அந்தக் கார்பன் ஏற்கெனவே எரிந்து முடிந்த நிலையில் இருக்கிறது. யூரியா சிதைந்தால் கார்பன் டை ஆக்சைடும் அம்மோனியாவும் வரும். சாம்பலை மறுபடி அடுப்பில் போட்டு என்ன பயன்? ஆனால் அதே அம்மோனியாவை மண்ணில் உள்ள நைட்ரோசோமோனாஸ் என்ற பாக்டீரியா ஆக்சிஜனேற்றம் செய்து ஆற்றல் எடுத்துக்கொள்கிறது. செடிக்குச் சத்தாக இருப்பது பாக்டீரியாவுக்கு எரிபொருளாகிறது. அதனால் 'இது உணவா?' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. யாருக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதை வகுப்பில் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. மாவுச்சத்துச் சோதனையைச் சற்று மாற்றிச் செய்யுங்கள். அவரை போல மெல்லிய இலையுள்ள ஒரே வகைச் செடியை இரண்டு தொட்டிகளில் எடுத்து, இரண்டையும் 48 மணி நேரம் இருட்டில் வையுங்கள். இலையில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செடி செலவழித்துவிடும். பிறகு ஒன்றுக்கு உரக் கரைசல் ஊற்றி இருட்டிலேயே விடுங்கள். மற்றதற்கு வெறும் தண்ணீர் ஊற்றி ஆறு மணி நேரம் வெயிலில் வையுங்கள். அதன்பின் ஒவ்வொன்றிலும் ஓர் இலை பறித்து ஒரு நிமிடம் கொதிநீரில் இடுங்கள். உயிரணுச் சவ்வுகள் சிதைந்தால்தான் அயோடின் உள்ளே போகும். அடுத்து, ஆல்கஹால் உள்ள சோதனைக்குழாயில் இலையைப் போட்டு, குழாயை வெந்நீர் நிறைந்த பீக்கருக்குள் நிறுத்துங்கள். பச்சையம் கரைந்து இலை வெளுத்துவிடும். இந்த நேரத்தில் பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. ஆல்கஹால் ஆவி சட்டெனத் தீப்பிடிக்கும். இந்தப் படியை மாணவர்கள் கையில் கொடுக்காமல் நீங்களே செய்யுங்கள். வெளுத்த இலை மொறுமொறுப்பாகிவிடும், வெதுவெதுப்பான நீரில் அலசினால் இளகும். கடைசியாக அயோடின் கரைசலைச் சில சொட்டு விடுங்கள்.

வெயிலில் இருந்த செடியின் இலை கருநீலமாகும். உரம் வாங்கிக்கொண்டு இருட்டில் இருந்த செடியின் இலையில் அயோடினின் பழுப்பு நிறம் மட்டும் தெரியும். இரண்டுமே நீலமானால் முதல் இருட்டுக் காலம் போதவில்லை. இரண்டுமே ஆகாவிட்டால் இலை தடிப்பாகவோ மெழுகுப் பூச்சோடோ இருந்து அயோடின் இறங்காமல் போயிருக்கலாம், அல்லது பச்சையம் முழுதாகக் கரைந்திருக்காது. வெங்காயத் தாளில் செய்துவிடாதீர்கள். அது இலையில் மாவுச்சத்தாகச் சேமிப்பதில்லை, எத்தனை வெயில் பட்டாலும் நீலம் வராது. உரமே தேவையில்லை என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து இல்லாத செடி சில வாரங்களில் மஞ்சளாகும். பச்சையம் குறைந்தால் உணவு தயாரிப்பும் குறையும்.

புறநானூற்று வரிக்கு வருகிறேன். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலைகளைப் பெருக்கச் சொல்லும் பாட்டு அது. நிலமும் நீரும் கூடாமல் விளைச்சல் இல்லை என்பதே அவர் சொல்வது. அங்கே உணவு என்பது அதன் மூலத்தைக் குறித்து நிற்கிறது. பாசனத்தைப் பற்றிய பேச்சாக அது முற்றிலும் சரி. வேதியியலாக எடுத்துக்கொண்டால் காற்று விட்டுப்போகிறது. அதே காற்றை விட்டுவிட்டு வான் ஹெல்மான்ட் என்ற 17ஆம் நூற்றாண்டு வேதியியலாளரும் தடுமாறினார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு ஐந்தாண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது, மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்சுதான். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டினார். 1648இல் அச்சான இந்தச் சோதனையில் அளவு சரி, முடிவு தவறு. 180 கிராம் குளுக்கோஸில் 72 கிராம் கார்பனும் 96 கிராம் ஆக்சிஜனும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகின்றன. தண்ணீர் தருவது 12 கிராம் ஹைட்ரஜன் மட்டுமே. அது கொண்டுவரும் ஆக்சிஜனை இலை வெளியே விட்டுவிடுகிறது. வகுப்பில் இந்தக் கணக்கைப் போடுங்கள். செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்ற எண்ணம் எட்டாம் வகுப்பு வரைக்கும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தண்ணீரும் உப்பும் மனித உடலுக்கு இன்றியமையாதவை, ஆனால் ஆற்றல் தருவதில்லை. ஊட்டச்சத்தியலில் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்புக்கு 9, தண்ணீருக்கும் உப்புக்கும் சுழியம். இந்த அளவுகோலையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் மதுவிலுள்ள ஆல்கஹாலுக்கு 7. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர், ஆட்களை அடைத்த அறைக்குள் வைத்து அவர்கள் உடல் வெளியிடும் வெப்பத்தை அளந்தவர். உடல் ஆல்கஹாலையும் எரித்து ஆற்றல் பெறுகிறது என்று 1890களின் இறுதியில் அவர் காட்டியபோது மதுவிலக்கு இயக்கத்தார் கொதித்தெழுந்தார்கள். அவர்களைக் கோபப்படுத்தியது 7 என்ற எண் அல்ல, மதுவை 'உணவு' என்று சொல்லிவிட்டார்களே என்பதுதான். ஆற்றல் தரும், உடலைக் கட்டாது என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சட்டம் கலோரியைக் கேட்பதே இல்லை. அது பார்ப்பது யாருடைய வாய்க்கு, என்ன நோக்கத்தில் என்பதை மட்டும். ஐநாவின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையத்தின் வரையறையில், மனிதர் உட்கொள்வதற்கென்று உள்ள எந்தப் பொருளும் உணவு. பானமும் சூயிங்கமும் அதில் அடக்கம். அழகுசாதனம், புகையிலை, மருந்தாக மட்டுமே பயன்படும் பொருள் ஆகியவை கிடையாது. ஆகவே தண்ணீரும் உப்பும் உணவு. மென்று துப்புகிற சூயிங்கமும் உணவு! ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி அறுவடைக்கு முந்தைய பயிர் உணவல்ல. உயிருள்ள விலங்கும் அப்படித்தான், உயிரோடு உண்பதற்கென்று விற்பனைக்கு வரும் சிப்பி போன்றவை மட்டும் விதிவிலக்கு. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலங்குகளுக்கான தீவனமும் உணவு.

வைட்டமின் மாத்திரை இந்த எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் துணை உணவு என்று வகைப்படுத்தி உணவின் பக்கம் சேர்த்தது. ஆனால் நோயைக் குணமாக்கும் என்று அட்டையில் எழுதினால் அதே மாத்திரை மருந்தாகக் கருதப்படும். அங்கே மாவுச்சத்து செரிக்காமல் தடுக்கும் மாத்திரை ஒன்று நீதிமன்றம் போனது. பீன்ஸிலிருந்து எடுத்ததால் உணவு என்று தயாரிப்பாளர்கள் வாதிட்டார்கள். சுவைக்காகவோ மணத்துக்காகவோ சத்துக்காகவோ இதை யாரும் உட்கொள்வதில்லை, எனவே மருந்து என்று 1983இல் மேல்முறையீட்டில் தீர்ப்பானது.

புள்ளிவிவரங்களில் இன்னொரு பொருள் ஒளிந்திருக்கிறது. உணவு வேளாண் அமைப்பு வெளியிடும் 'ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோகலோரி' என்ற கணக்கில், விளைச்சலோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதி, தீவனம், விதை, இழப்பு ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவதே உணவு. வீட்டில் குப்பைக்குப் போவதும் அதற்குள்தான் இருக்கும். அதை 'மக்கள் இவ்வளவு சாப்பிடுகிறார்கள்' என்று எழுதுவது தவறு.

பாடத்துக்கு உயிரியல் பொருளையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் வகுப்பிலேயே 'இந்தப் பாடத்தில் உணவு என்றால் ஆற்றலும் தந்து உடலையும் கட்டும் பொருள்' என்று பலகையில் எழுதிவிடுங்கள். விடைத்தாளில் 'வேர் மண்ணிலிருந்து உணவை உறிஞ்சுகிறது' என்று வந்தால் 'உணவை' என்பதை அடித்து 'நீரையும் கனிமச் சத்துகளையும்' என்று திருத்துங்கள். புறநானூற்று வரியைத் தமிழ் வகுப்புக்கு விட்டுவிடலாம்.

அன்புடன்.