கேளுங்க சொல்றோம்: ரோம் எப்போ விழுந்துச்சு?

கேள்வி: கி.பி. 476-ல ரோமப் பேரரசு விழுந்துச்சுன்னு ஸ்கூல்ல படிச்சோம். அன்னிக்கு அப்படி என்னதான் நடந்துச்சு?

பதில்: பெருசா ஒண்ணும் இல்லீங்க. அப்போ பேரரசு கிழக்கு, மேற்குன்னு ரெண்டா இருந்துச்சு. ரோமுலஸ் அகஸ்டுலஸ்னு ஒரு சின்னப் பையன் மேற்கு சிம்மாசனத்துல, பின்னாடி இருந்து ஆட்டிவெச்சது அவங்கப்பா ஒரெஸ்டஸ். படையில இருந்த கூலிச் சிப்பாய்ங்க நிலம் கேட்டாங்க, அப்பா முடியாதுன்னுட்டாரு, அவங்க தலைவன் ஒடோவாக்கர் அப்பாவை முடிச்சுட்டு பையனை மட்டும் பாவம்னு விட்டு வருஷத்துக்கு 6,000 தங்கக் காசு பென்ஷன் போட்டு காம்பானியா பக்கம் அனுப்பிட்டாரு. ராஜ உடுப்பு மொத்தமும் கான்ஸ்டான்டினோபிள்ல (இப்போ இஸ்தான்புல்) இருந்த கிழக்குப் பேரரசர் ஜீனோவுக்கு பார்சல். அவ்ளோதான் மேட்டர்.

என்னைக் கேட்டா நிஜமான அடி 439-லயே விழுந்தாச்சு. வாண்டல்ங்கற ஜெர்மானியக் கூட்டத்தோட ராஜா கெய்செரிக், வட ஆப்பிரிக்காவுல இருந்த கார்த்தேஜ் நகரத்தைப் புடிச்ச வருஷம். மேற்குக்கு தானியமும் வரிப்பணமும் கொட்டுன இடமே அதுதான், அது நின்னதும் சிப்பாய்க்கு சம்பளம் இல்ல, சம்பளம் இல்லாம படை நிக்கல, படை இல்லாத ஊரெல்லாம் ஒவ்வொண்ணா கைவிட்டுப் போச்சு, அங்கேர்ந்து வர்ற வரியும் சேர்ந்து போச்சு. இது புரிஞ்சுதான் 468-ல கிழக்கும் மேற்கும் சேர்ந்து பெரிய கப்பற்படை அனுப்புனாங்க. கெய்செரிக் பலே ஆளு, அஞ்சு நாள் டைம் கேட்டு வாங்கிக்கிட்டு, காத்து தன் பக்கம் திரும்பினதும் காலிக் கப்பல்ல தீய வெச்சு அவங்க மேல தள்ளி விட்டுட்டாரு. கிழக்கு ரோம் 1453 வரைக்கும் தாக்குப்புடிச்சது தனிக்கதை.

கேள்வி: ஈயக் குழாய்த் தண்ணி குடிச்சு புத்தி பேதலிச்சுதான் அழிஞ்சாங்களாமே?

பதில்: வாட்ஸ்அப் சரக்கு! ஈயக் குழாய் இருந்தது நிஜம், ஈயம் கெடுதல்னு விட்ருவியஸ்ங்கற ரோமக் கட்டடக் கலைஞர் அப்பவே எழுதியும் வெச்சாரு. ஆனா ரோம் ஓஹோன்னு இருந்த காலத்துலயும் அதே குழாய்தானே?

கேள்வி: ஒரே ஒரு ஊரு எப்படி இவ்ளோ வளர்ந்துச்சு?

பதில்: தோத்தவனை சேர்த்துக்கிட்டதுனால. கி.மு. 216-ல தெற்கு இத்தாலியில கன்னேங்கற இடத்துல கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ஒரே நாள்ல ஏறக்குறைய 50,000 ரோம வீரர்களை வெட்டிச் சாய்ச்சாரு, வேற ஊரா இருந்தா சரணடைஞ்சிருக்கும், இவங்க ஏற்கெனவே ஜெயிச்சு கூட்டாளியாக்குன இத்தாலி ஊருங்கள்ல பாதிக்கு மேல விசுவாசமா ஆள் அனுப்பிக்கிட்டே இருந்துச்சு. அதுக்காக ரோம்காரங்க தாராள மனசுன்னு நினைக்காதீங்க, குடியுரிமை குடுங்கன்னு அதே கூட்டாளிங்க கி.மு. 91-ல சண்டைக்கு வந்தப்புறம்தான் குடுத்தாங்க. கி.பி. 212-ல பேரரசர் காரகல்லா, பேரரசுல இருந்த சுதந்திர மக்கள் கிட்டத்தட்ட எல்லாருக்குமே குடியுரிமை குடுத்தாரு, அதுவும் வரி வசூலைக் கூட்டத்தான்னு அந்தக் காலத்து செனட்டர் காசியஸ் டியோவே போட்டு உடைச்சிருக்காரு.