பெரிய போட்டிகளால் ஊர் விளையாட்டு அழிகிறதா? எங்கள் ஊர்க் கபடி

டிவியில் வரும் பெரிய போட்டிகளால் ஊர்த் திருவிழா விளையாட்டுகள் அழிந்துவருகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஊர்ப்பக்கம் வந்து நாளாகிவிட்டது என்று நினைக்கிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் பொங்கலுக்கு மின்னொளி கபடி இன்றும் விடிய விடிய நடக்கிறது. 2014இல் டிவியில் வரும் ப்ரோ கபடி லீக் தொடங்கிய பிறகு கூட்டம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. முன்பு கபடி ஆடுகிறவனை ‘வேலைவெட்டி இல்லாதவன்’ என்பார்கள். எங்கள் தஞ்சை மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் அந்த லீக்கில் நின்று ஆடியதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

ஆனால் ஒன்று போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

மார்கழிக் கடைசியில் பிள்ளையார் கோயில் திடலைக் கொத்தி, வண்டல் மண் அடித்து, சலித்து, தண்ணீர் தெளித்து மட்டம் பார்ப்போம். சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கல், முள், கண்ணாடிச் சில்லு எல்லாம் பொறுக்குவார்கள். பெரியப்பா கயிறு பிடித்து நடுக்கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுவார். கொஞ்சம் வளைந்தாலும் அழித்துவிட்டு மறுபடி போடுவார். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கள்கூட மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள்.

இப்போது மண்ணுக்குப் பதில் மேட், துண்டு துண்டாகக் கோத்துப் போடும் மெத்தென்ற விரிப்பு. நல்ல வெளியூர் அணிகள் மேட் இருந்தால்தான் வருகின்றன. வாடகை மேட் மினி வேனில் வந்து இறங்குகிறது, நான்கு பையன்கள் கோத்து முடித்துவிடுகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு வசூல் நோட்டீஸ் மட்டும்தான் வருகிறது.

உடனே ‘பையன்கள் மண்ணில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொள்ளணுமா?’ என்று சண்டைக்கு வர வேண்டாம். மேட்டில் சிராய்ப்பு குறைவு. பெரிய போட்டிகள் எல்லாம் மேட்டில் நடக்கும்போது மண்ணிலேயே பழகுகிறவன் பின்தங்கித்தான் போவான். இதை நான் மறுக்கவில்லை. பாட்டுப் பாடிப்போகும் சடுகுடு போனதற்கும் டிவியைத் திட்ட முடியாது. ‘கபடி’ என்று மட்டுமே பாட வேண்டும் என்ற விதி அதற்கு வெகுகாலம் முன்பே வந்தது. பாடிப்போகிறவர் முப்பது விநாடிக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கும் இப்போது ஊர்ப் போட்டிக்கு வந்துவிட்டது, ஒருவர் செல்போனில் நேரம் பார்த்து விசில் அடிக்கிறார். அதுவும் சரி. கமிட்டியில் மல்லுக்கட்டி, சிறுவர் பிரிவையாவது மண்ணில் நடத்த வைத்திருக்கிறேன். அந்தச் சாக்கிலாவது திடலைக் கொத்த நாலு பேர் வருகிறார்கள்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் மகன் படிக்கும் பள்ளியில் பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். போய்க் கேட்டால், “மார்க் வேண்டாமா சார்?” என்கிறார்கள். வாரத்தில் அந்தப் பிள்ளைகள் ஓடி ஆடுவதே அந்த ஒரு மணி நேரம்தான். லீக்கைக் குறை சொல்கிறவர்கள் யாராவது என்னோடு வந்து அந்தப் பீரியடைக் கேட்டு வாங்கித் தாருங்கள்.