யானையையும் மனிதரையும் ஆராய 30 லட்சம் கடன் வேண்டுமா?

கேள்வி: வயது 26. குடியாத்தம் பக்கம் சொந்த ஊர். எம்.ஏ. சமூகவியல் முடித்து, நான்கு வருடமாக ஆம்பூரில் ஒரு காலணி கம்பெனியில் மனிதவளப் பிரிவில் வேலை. சம்பளம் 20,000 ரூபாய். அதில் 8,000 வீட்டுக்குப் போய்விடும். பேரணாம்பட்டு காட்டோரம் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர். யானை இறங்கினால் அந்தப் போகத்து வேர்க்கடலை அவ்வளவுதான். இந்த யானை–மனிதர் பிரச்சினையின் மனிதர் பக்கத்தை ஆராய்ச்சியாகவே படிக்க ஆசை. வேலூரில் ஒரு கல்வி ஏஜென்ட் பிரிட்டனில் ஒரு வருட எம்.எஸ்சி. வாங்கித் தருவதாகச் சொல்கிறார். 30 லட்சம் கடன், மாமா வீட்டுப் பத்திரம் அடமானம். கையில் 2,40,000 ரூபாய் எஃப்.டி., மாதம் 5,000 வீதம் 20 மாதச் சீட்டு (11 தவணை கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை), அம்மாவின் 9 சவரன் நகை. கடன் வாங்கலாமா? வாங்காமல் படிக்க முடியுமா? வேலையை விடும்போது கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. தம்பி ஐ.டி.ஐ. படிக்கிறான்.

பதில்: கடன் வேண்டாம். மாமாவின் பத்திரம் மாமா வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.

கணக்கைப் பாருங்கள். 30 லட்சம், 11 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 41,300 ரூபாய். ஏஜென்ட் காட்டும் தாளில் இந்த எண்தான் இருக்கும். ஆனால் படிக்கும் ஒரு வருடமும் அதன்பின் தரப்படும் ஒரு வருட அவகாசமும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முழுத்தொகைக்கு அது 6,60,000 ரூபாய். அதை அசலோடு சேர்த்தால் தவணை 50,400 ஆகிவிடும். இந்தத் துறையில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையே மாதம் 37,000 ரூபாய்தான். நல்ல இடத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தாலும் தவணைக்கு மாதம் 13,000 குறையும். சாப்பாடு, வாடகை எல்லாம் அதற்குப் பிறகு. ஏழரை லட்சத்துக்கு மேல் போகும் கல்விக் கடனுக்குப் பொதுத்துறை வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். அதனால்தான் பேச்சு மாமா வீடு வரை வந்திருக்கிறது.

பிரிட்டன் படிப்பே வீண் என்று சொல்லவில்லை. கென்ட் பல்கலைக்கழகத்தில் 1989 முதல் இயங்கும் டரல் நிறுவனம் இந்தத் துறையில் மதிப்புள்ள இடம். அங்கே போவதானால் பிரிட்டன் அரசின் செவனிங் மாதிரி முழு உதவித்தொகையில் போங்கள். அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். ஆம்பூரில் கழித்த நான்கு வருடம் அங்கே கணக்கில் வரும். படித்து முடித்ததும் இரண்டு வருடமாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்களுக்கு அது சுமையே இல்லை.

ஆராய்ச்சிப் படிப்புக்கும் மற்ற மேற்படிப்புக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் உண்டு. முழுநேர ஆராய்ச்சியில் நீங்கள் வேலை செய்பவர். செலவை நிறுவனமோ அரசோ ஏற்க வேண்டும். பணம் இல்லாமல் இடம் மட்டும் தருகிறோம் என்றால் யோசிக்காமல் மறுத்துவிடுங்கள்.

முதல் வழி உள்நாடு. ஜே.ஆர்.எஃப். வாங்க எழுத வேண்டிய யு.ஜி.சி. நெட் தேர்வு ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை வரும். உங்கள் பாடம் சமூகவியலேதான். விலங்கியலுக்குத் தாவ வேண்டாம். ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30. பெண்களுக்கும் கிரீமிலேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வராத ஓ.பி.சி. பிரிவினருக்கும் 35. உங்களுக்கு அவசரமில்லை, ஆனால் ஓ.பி.சி. சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் இப்போதே புதுப்பித்து வையுங்கள். மாநிலத்தின் பி.சி. சான்றிதழும் மத்திய அரசுப் படிவத்தில் உள்ள ஓ.பி.சி. சான்றிதழும் வேறு வேறு. ஒன்றுக்கு இன்னொன்றைக் கொடுத்துவிட்டு சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

தேர்வு முடிவு மூன்று தட்டாக வரும்: ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பணம் வருவது முதல் தட்டுக்குத்தான். அது கிடைத்தால் முதல் இரண்டு வருடம் 37,000, பிறகு 42,000, மொத்தம் ஐந்து வருடம். விடுதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. இரண்டாம், மூன்றாம் தட்டில் வந்தால் வேறு வாசல்கள் உண்டு. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) தரும் முனைவர் உதவித்தொகை மாதம் 20,000, ஆய்வுச் செலவுக்கான 'செலவினம்' வருடத்துக்கு 20,000. அதற்கு முதலில் பிஎச்.டி. பதிவு ஆகியிருக்க வேண்டும். தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000. இதில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வாங்கலாம்.

எங்கே சேர்வது? பெங்களூரு ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் பிஎச்.டி. சமூகவியல், பொருளியல் படித்தவர்களையும் எடுத்துக்கொள்ளும்; காட்பாடியில் ரயில் ஏறினால் அரைநாள்கூட ஆகாது. சென்னை அடையாறில் எம்.ஐ.டி.எஸ். என்ற சமூக அறிவியல் ஆய்வு நிறுவனம், ஐ.ஐ.டி. மெட்ராஸின் மானுடப் புலங்கள்–சமூக அறிவியல் துறை இரண்டையும் பாருங்கள். கோவை ஆனைகட்டி சலீம் அலி மையம் இப்போது டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் கீழ் உள்ளது. அங்கே விலங்கு பக்கம் கனம் அதிகம். பக்கத்திலேயே சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று அதைத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை, ஆனால் வழிகாட்டி இந்தத் துறையில் கட்டுரை எழுதியவரா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். வீட்டு வாடகை மிச்சம் என்று தவறான வழிகாட்டியிடம் சேர்ந்தால் இழப்பு வருடக் கணக்கில் போகும்.

இரண்டாவது வழி அமெரிக்கா. அங்கே இந்தத் துறையை 'ஹியூமன் டைமென்ஷன்ஸ்' என்பார்கள். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித் துறையே உண்டு. கார்னெல், மிச்சிகன் ஸ்டேட் இரண்டிலும் பழைய குழுக்கள் இருக்கின்றன. 'கிராஜுவேட் ரிசர்ச் அசிஸ்டன்ட்' இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடி, வாரம் 20 மணி நேர ஆராய்ச்சி வேலைக்கு மாத ஊதியம். முக்கியம், இந்த இடம் பேராசிரியரின் திட்ட நிதியில் இருந்து வருகிறது. விண்ணப்பம் போடும் முன் பேராசிரியரிடம் பேசியிருக்க வேண்டும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் நடத்தும் இயற்கைவள வேலைப் பலகையில் இடங்கள் அறிவிக்கப்படும். ஆகஸ்ட் சேர்க்கைக்கு டிசம்பர், ஜனவரியில் கெடு முடியும் என்பதால் செப்டம்பரிலேயே மின்னஞ்சல் போய்விட வேண்டும். ஒரு பக்கக் கடிதம், வாழ்க்கைக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல் போதும். அதில் யானை மேல் எவ்வளவு பாசம் என்று எழுதாதீர்கள். கேள்வித்தாள் தயாரிக்கத் தெரியுமா, ஆர் மென்பொருளில் தரவைப் பகுக்கத் தெரியுமா என்பதைத்தான் பார்ப்பார்கள். 'தீசிஸ்' (ஆய்வேடு) உள்ள எம்.எஸ்.ஸுக்கு மட்டும் கேளுங்கள். தீசிஸ் இல்லாத படிப்புக்குப் பெரும்பாலும் சொந்தப் பணம்தான். ஒப்பந்தம் 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா, மருத்துவக் காப்பீடும் மாணவர் கட்டணங்களும் உங்கள் தலையிலா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒன்பது மாதம் என்றால் கோடையில் கை காய்ந்துவிடும்.

இதற்கு ஏஜென்ட் தேவையே இல்லை. ஆங்கிலத் தேர்வு சுமார் 18,000, ஐந்து பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணம், விசாவுக்கு முன் செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், பிறகு விமானம், அறை முன்பணம். முதல் ஊதியம் வரும்வரை மூன்று முதல் நான்கு லட்சம் கையில் வேண்டும். எஃப்.டி.யும் சீட்டும் சேர்ந்தால் அந்தக் கோட்டைத் தொடுகிறீர்கள்.

இனி, வேலையை எப்போது விடுவது? சீட்டில் மீதி ஒன்பது தவணை. அந்த ஒன்பது மாதமும் வேலையில் இருந்தபடியே நெட்டுக்குப் படியுங்கள்; குறைந்தது ஒரு தேர்வாவது அதற்குள் வந்துவிடும். சீட்டைத் தள்ளுபடிக்கு ஏலம் கேட்டு முன்கூட்டியே எடுக்காதீர்கள். கடைசியில் எடுத்தால் கமிஷன் போக முழுத்தொகையும் கைக்கு வரும். பதிவான சீட்டுதானா என்பதை மட்டும் இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டில் சேர்ந்தால், விடும் நாளில் வேண்டியது இவ்வளவு: உங்கள் செலவு 15,000, வீட்டுக்கு 8,000, ஆக மாதம் 23,000. ஆறு மாதத்துக்கு 1,38,000. மடிக்கணினி 50,000. சேர்க்கைக் கட்டணம், அறை முன்பணம் 30,000. மொத்தம் 2,18,000. எஃப்.டி. இதற்குச் சரியாக இருக்கும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதை 60,000 வீதம் நான்காகப் பிரித்துப் போடுங்கள். ஒன்றை உடைத்தால் மற்ற மூன்றின் வட்டி கெடாது.

ஆறு மாதம் எதற்கு என்றால், உதவித்தொகை சேர்ந்த அன்றே வராது. சேர்க்கை அறிக்கை, ஆவணச் சரிபார்ப்பு எல்லாம் முடிந்தபின் பல்கலைக்கழகத்தில் 'மேக்கர்' என்ற ஊழியர் கனரா வங்கித் தளத்தில் உங்கள் பெயரை ஏற்ற வேண்டும். 'செக்கர்' ஒப்புதல் தர வேண்டும். இது மாதாமாதம் நடக்க வேண்டும். ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாதப் பணம் நிற்கும். ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு எது என்று முன்கூட்டியே பாருங்கள். பழைய சம்பளக் கணக்கில் இணைந்திருந்து, அது முடங்கிப்போயிருந்தால் தொகை திரும்பிப் போய்விடும். இரண்டு வருடம் முடிந்து 42,000-க்கு உயர மதிப்பீட்டுக் குழு கூட வேண்டும். அந்தக் கூட்டத்தை நீங்கள்தான் துரத்திப் பிடிக்க வேண்டும்.

களச்செலவு பலருக்கும் தப்பிப்போகும் கணக்கு. சமூக அறிவியலுக்கு ஜே.ஆர்.எஃப். செலவினம் முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் 300 குடும்பங்களைப் பேட்டி காண்பதாக வைத்துக்கொள்வோம். விவசாயி வீட்டில் இருப்பது விடியற்காலையும் பொழுது சாய்ந்தபிறகும். ஒருவர் நாளுக்கு நான்கு பேட்டிக்கு மேல் முடிக்க முடியாது. ஒரு உதவியாளரோடு பாதிப்பாதி பிரித்தால் 38 நாள். உதவியாளருக்கு நாளுக்கு 700 வீதம் 26,600. நாளுக்கு 60 கிலோமீட்டர் வண்டிக்குப் பெட்ரோல் சுமார் 5,000. ஆக 32,000-க்குப் பக்கம். இந்த இடைவெளிக்குத்தான் சீட்டுப் பணம். அதை வேறு எதற்கும் தொடாதீர்கள்.

அனுமதியும் பணம்தான். காட்டுக்கு வெளியே ஊர்களில் பேசுவதற்கு உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். சரணாலயத்துக்குள் காலெடுத்து வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. இந்தப் பக்கத்து யானைகளின் இருப்பிடமான கவுண்டின்யா சரணாலயம் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அது ஆந்திர வனத்துறையின் கையில். இரண்டு மாநில அனுமதி என்று திட்டம் போட்டால் காத்திருக்கும் மாதங்களுக்கும் சோறு போட வேண்டும். முதல் வருடத் திட்டத்தைத் தமிழகப் பக்கத்து ஊர்களோடு நிறுத்துங்கள். இழப்பீடு யாருக்குக் கிடைக்கிறது, பட்டா ஒருவர் பேரிலும் பயிர் குத்தகைக்காரருடையதாகவும் இருந்தால் மனு யார் போடுவது என்ற கேள்விக்கே ஒரு முனைவர் பட்டம் தாங்கும். தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் பேசும் பகுதி அது. மூன்றில் இரண்டு உங்களுக்குத் தெரிந்தாலே மொழிபெயர்ப்பாளர் கூலி மிச்சம்.

37,000 வரத் தொடங்கியதும் வீட்டுக்கு 8,000, உங்களுக்கு 14,000, களத்துக்கு 5,000, காப்பீட்டுக்கு 3,000, ஆர்.டி.க்கு 7,000. கடைசி ஒதுக்கீட்டை விடவே கூடாது. உதவித்தொகை ஐந்து வருடத்தில் நிற்கும். ஆய்வேடு பலருக்கும் அதற்குள் முடிவதில்லை. நான்கு வருடம் போட்டால் அசலே 3,36,000 சேரும். ஆறாவது வருடத்தை அது தாங்கும்.

காப்பீடு என்றதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இப்போது இ.எஸ்.ஐ. உண்டு, உங்களை நம்பியிருக்கும் அப்பா, அம்மாவுக்கும் அதில் வைத்தியம் பார்க்கலாம். வேலையை விட்ட சில மாதத்தில் அது நின்றுவிடும். அதற்கு முன்பே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. வீட்டின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இறங்கினால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் மனு போடலாம். பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். ஐந்து வருடம் நிறையாமல் எடுத்தால் வரிக்கு உட்படும். விட்டுவைத்தால் வட்டி ஏறும்.

அம்மாவின் நகை கடைசிக் கையிருப்பு. ஆறு மாதம் தாண்டியும் உதவித்தொகை வராவிட்டால் இரண்டு சவரனை மட்டும் வங்கியில் வையுங்கள், அடகுக்கடையில் வேண்டாம். நிலுவை மொத்தமாக வந்ததும் முதலில் மீட்க வேண்டியது அதைத்தான்.