பைன் காட்டு ரயில் பாதையில் சைக்கிள்: வாசகர் கேள்விகள்

ஸ்பெயினில் பைன் காடுகள் வழியே, வண்டி வாகனத் தொல்லை இல்லாமல் சைக்கிளில் சுற்றலாம் என்று சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: வண்டியே வராத பாதை கிராமப்புறத்தில் எப்படி வந்தது? ஸ்பெயின் மலைநாடு வேறு, ஏறி ஏறி மூச்சு முட்டாதா?

பதில்: எல்லாம் கைவிடப்பட்ட ரயில் பாதைகள். நஷ்டம் என்று மூடியவற்றில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, மண்ணும் பொடிக்கல்லும் போட்டு இறுக்கி, சில இடங்களில் தாரும் போட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டிருக்கிறார்கள். 1993-ல் தொடங்கிய வேலை, இன்றைக்கு 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஸ்பானிஷில் ‘வீயா வெர்தே’ என்பார்கள், பச்சை வழி.

மூச்சு முட்டாததற்குக் காரணமும் ரயில்தான். நீராவி இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் மலையைச் சுற்றியும் குடைந்தும், பெரும்பாலும் 100 மீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் ஏறாதபடி பாதை போட்டார்கள். அதற்காக அந்த இரண்டு மீட்டரைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். பின்னால் 15 கிலோ மூட்டையைக் கட்டிக்கொண்டு 20 கிலோமீட்டர் விடாமல் மிதித்தால், கண்ணுக்குச் சமதரையாகத் தெரிகிற ஏற்றம் தொடைக்குத் தெரிந்துவிடும். எந்தத் திசையில் போனால் இறக்கம் என்று முன்பே பார்த்து அந்தப் பக்கமாகப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். வண்டியே வராது என்று நான் எழுதியது கொஞ்சம் மிகை. இடையிடையே தார்ச்சாலையைக் கடக்க வேண்டும், வயல் பக்கம் எப்போதாவது டிராக்டர் எதிரே வரும்.

கேள்வி: ஐந்து நாள்தான் விடுப்பு. எந்தப் பாதை போகலாம்?

பதில்: முதல் தடவை என்றால் வால் தெ ஸஃபான். அரகோன், கட்டலோனியா எல்லையில் உள்ள ஆர்னெஸ் ய்யெதோ என்ற பழைய நிலையத்தில் தொடங்கினால் எப்ரோ ஆற்றங்கரையில் இருக்கிற தொர்தோசாவரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர், பெரும்பகுதி இறக்கம். ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு. நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன், அதுவே போதவில்லை. கானலெதெஸ் ஆறு அறுத்த பள்ளத்தின் ஓரமாகவே போகிறது பாதை, சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம். சுரங்கத்துக்குள் கை சில்லிட்டுப் போகும், வெளியே வந்த கணம் வெயிலில் காய்ந்த பைன் வாசனை முகத்தில் அடிக்கும், இது பத்துப் பன்னிரண்டு தடவை நடந்தாலும் அலுக்காது. நடுவில் ஃபோன்கால்தா என்று ஒரு கோயில், பக்கத்தில் ஆற்றோரமாக வெதுவெதுப்பான ஊற்று, பெயரின் அர்த்தமே வெந்நீர் ஊற்றுதான். காலை நனைக்காமல் வராதீர்கள். இளம் வயதில் பிக்காசோ தங்கிய ஓர்த்தா என்ற ஊரும் கிட்டத்தில்தான், குன்றின்மேல் இருப்பதால் அதற்கு மட்டும் மூச்சு வாங்க ஏற வேண்டும்.

அந்தப் பாதையின் கதை மனதைப் பிசைவது. கடல்வரை போக வேண்டும் என்று தொடங்கிய ரயில் தொர்தோசாவைத் தொடவே 1941 ஆகிவிட்டது, 1973-ல் மூடிவிட்டார்கள். அத்தனை பாறையைக் குடைந்து ஓடியது 32 வருஷம்.

நீளமான பயணம்தான் வேண்டும் என்றால் ஓஹோஸ் நெக்ரோஸ், ஏறக்குறைய 160 கிலோமீட்டர். தெருவேல் மாகாணத்துச் சுரங்கங்களிலிருந்து சகுந்தோ துறைமுகத்துக்கு இரும்புத்தாது கொண்டுபோக 1907-ல் வந்த தனி ரயில், 1972-ல் நின்றது. இதன் வசதி என்னவென்றால், பக்கத்திலேயே பயணிகள் ரயில் பாதையும் உண்டு. வலென்சியாவிலிருந்து ரயிலில் தெருவேலுக்குப் போய், அங்கிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிற எஸ்கந்தோன் கணவாயை மெதுவாக ஏறிவிட்டால், அப்புறம் கடலை நோக்கி இறக்கம்தான். கணவாயைச் சுற்றிப் பைன் மரங்கள், நடுவில் நிழலே இல்லாத மேட்டுநிலம், ஹேரிகா என்ற ஊர்ப் பக்கம் மறுபடி பசுமை. மேட்டுநிலத்தில் எதிர்க்காற்று வந்தால் இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கும்.

இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஐந்து நாளில் முடிக்கப் பார்த்தால் பாதி நேரம் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்விடும்.

கேள்வி: மரத்தில் சட்டி கட்டியிருக்கும் காடு என்று எழுதியிருந்தீர்கள். அது எங்கே? எதற்குச் சட்டி?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். செகோவியாவிலிருந்து ஒல்மேதோ பக்கம் போகிற எரெஸ்மா பள்ளத்தாக்குப் பாதை, 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1884-லிருந்து 1993 வரை ரயில் ஓடிய தடம். மலையும் பள்ளமும் இல்லாத மணல் பூமி, அதில் கண்ணுக்கெட்டிய தூரம் பைன். பின்னணியில் குவாதர்ராமா மலை மட்டும் நீலமாக நிற்கும்.

அங்கே ஒரு மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓர் ஆள் உயரத்துக்குள் பட்டையை ஒரு சாண் அகலத்துக்குச் சீவி வைத்திருப்பார்கள், அடியில் ஒரு தகடு, அதன் கீழே பூந்தொட்டி மாதிரி சின்னச் சட்டி. சீவிய இடத்தின் மேல்விளிம்பில் புதிதாகக் கீறி ஒரு மருந்தைத் தடவிவிட்டால் பிசின் கசிந்துகொண்டே இருக்கும். முதலில் கண்ணாடி மாதிரித் தெளிவாக இறங்குகிறது, சட்டிக்குள் சேரும்போது வெள்ளையாகக் கெட்டிப்பட்டு, மேலே ரெண்டு எறும்பும் பைன் ஊசியும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆண்டுக்கு ஆண்டு கீறல் மேலே ஏறும், சட்டியும் கூடவே ஏறும். அதைக் காய்ச்சினால் டர்பண்டைனும் வயலின் வில்லுக்குத் தேய்க்கிற பிசின் கட்டியும் கிடைக்கும். 1960-களில் உச்சத்தில் இருந்த தொழில், அப்புறம் படுத்தேவிட்டது, இந்த நூற்றாண்டில் மறுபடி கொஞ்சம் தலையெடுத்திருக்கிறது. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம்வரை, காட்டுக்குள் தனியாக ஒருவர் மரம் மரமாகப் போய்க்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சட்டியைத் தொடாதீர்கள், அது அவருடைய கூலி.

வழியில் கோக்கா என்ற ஊரில் 15-ஆம் நூற்றாண்டுச் செங்கல் கோட்டை இருக்கிறது. ரோமப் பேரரசன் தியோடோசியஸ் பிறந்த ஊர் என்று சொல்லப்படுவதும் அதுதான். ஒரு ராத்திரி தங்குங்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. பட்டினி கிடக்க வேண்டுமா?

பதில்: பட்டினி இல்லை, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால் காய்கறி சாலட்டில் சூரை மீனைத் தூவிக் கொண்டுவருவார்கள், பருப்புக் குழம்பில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். மீன், முட்டை, ஹாமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை) என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்பதே நல்லது. கட்டலோனியாப் பக்கம் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்ட ரொட்டி எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும், எனக்குப் பல நாள் காலை உணவு அதுதான். முக்கியமான விஷயம் நேரம். கிராமத்துக் கடைகள் மதியம் இரண்டு மணிக்கு மூடினால் ஐந்துக்குத்தான் திறக்கும், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் திறக்கவே திறக்காது. சனிக்கிழமையே பழம், ரொட்டி, கொட்டை வகை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஊர்க் குழாயில் ‘நோ போத்தாப்ளே’ என்று எழுதியிருந்தால் அது குடிநீர் இல்லை.

கேள்வி: எந்த மாதம் நல்லது? காட்டிலேயே கூடாரம் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள், 35 டிகிரிக்கு மேல் கொளுத்தும், காட்டுத்தீ பயத்தில் சில இடங்களில் காட்டுக்குள் நுழையவே தடை போடுவார்கள். இலையுதிர் காலத்தில் வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும், அறிவிப்புப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். நினைத்த இடத்தில் கூடாரம் பெரும்பாலான பகுதிகளில் கூடாது, அடுப்பு மூட்டுவது அறவே கூடாது. பைன் ஊசி மெத்தை காய்ந்து கிடக்கிற நாளில் ஒரு தீக்குச்சி போதும், இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். கிராமங்களில் ‘காசா ருரால்’ என்று வீட்டோடு வாடகை அறைகள் உண்டு.

கேள்வி: ஒன்பது வயது மகளையும் அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அங்கே தலைக்கவசம் கட்டாயம், ஊருக்கு வெளியே சாலையில் ஓட்டினால் பெரியவர்களுக்கும்தான். சுரங்கங்களுக்கு ஆளுக்கொரு விளக்கு வேண்டும், எல்லாவற்றிலும் வெளிச்சம் இருக்காது. ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

குளிர் முடிந்து வசந்தம் தொடங்குகிற வாரங்களில் போவதானால் இன்னொன்று. பைன் கிளைகளில் வெள்ளைப் பஞ்சு மூட்டை மாதிரிக் கூடுகள் தொங்கும், அவற்றிலிருந்து கம்பளிப்பூச்சிகள் இறங்கி ஒன்றின் வாலை ஒன்று தொட்டபடி பாதையில் நீளமாக ஊர்வலம் போகும். எந்தக் குழந்தையும் குனிந்து தொடப் பார்க்கும். தொட வேண்டாம், அதன் மயிர் பட்டால் தோல் தடித்து எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. அதைப் பற்றி வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

கேள்வி: ரயிலில் சைக்கிளை ஏற்றுவார்களா?

பதில்: புறநகர் ரயில்களிலும் நடுத்தர தூர ரயில்களிலும் ஏற்றுவார்கள், ஆனால் ஒரு ரயிலில் சில சைக்கிளுக்குத்தான் இடம், டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். அதிவேக ரயிலில் மடக்கியோ கழற்றியோ பைக்குள் போட வேண்டும். பெடல் கழற்றுகிற ஸ்பேனரை மறக்காதீர்கள், நான் ஒருமுறை மறந்துவிட்டுக் கண்ணெதிரே ரயிலை விட்டேன், அடுத்தது நாலு மணி நேரம் கழித்துத்தான் வந்தது.