வாத்தியார் பதில்கள்: தடை எல்லை தாண்டுமா?

கேள்வி: ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் பறிபோன குத்துச்சண்டை வீரர் அடுத்த மாநிலத்திலோ அடுத்த நாட்டிலோ போய் ரிங்கில் ஏறினால் என்ன தப்பு? அவருக்கும் வயிறு இருக்கிறதே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வயிறு இருக்கிறது, தலையும் இருக்கிறதே ஐயா.

1980-ல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து, ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். எனக்கு அப்போது பத்து வயது. மாமா தோளில் ஏறி உட்கார்ந்தும் முன்னால் நின்றவர்களின் தலைகளைத்தான் அதிகம் பார்த்தேன். அந்த அலியின் கதையையே சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு இரண்டு பதிலும் அதில் இருக்கிறது.

1967 ஏப்ரல் 28 அன்று ராணுவத்தில் சேரமாட்டேன் என்றார். வழக்கு, தீர்ப்பு எதுவும் வருவதற்கு முன்பே, அதே நாளில், குத்துச்சண்டைக்கு லைசென்ஸ் கொடுக்கிற நியூயார்க் மாநிலக் கமிஷன் அவர் லைசென்ஸை நிறுத்திவைத்தது. மற்ற மாநிலங்களும் கதவைச் சாத்தின. பாஸ்போர்ட்டும் கையில் இல்லை, வெளிநாடும் போகமுடியாது. மூன்றரை வருஷம் கழித்து, 1970 அக்டோபரில், அட்லாண்டாவில் ஜெர்ரி குவாரியோடு மோதினார். ஏன் அட்லாண்டா? ஜார்ஜியாவில் மாநிலக் கமிஷன் என்று ஒன்றே கிடையாது. நகரமே அனுமதி கொடுத்துவிட்டது. அந்த ஓட்டை மட்டும் இல்லையென்றால் அவர் இன்னும் கொஞ்ச காலம் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கவேண்டும்.

இனி மறுபக்கம். மெட்ராஸ் வந்துபோன அதே வருஷம் அக்டோபரில் லாஸ் வேகஸில் லாரி ஹோம்ஸோடு சண்டை. அதற்கு முன் மேயோ கிளினிக்கில் பரிசோதித்தார்கள். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் எதிர்பார்த்த சுறுசுறுப்பு இல்லை, விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் கொஞ்சம் குறி தவறுகிறது என்று அறிக்கையில் எழுதியிருந்தது. அப்படியும் நெவாடா மாநிலம் லைசென்ஸ் கொடுத்தது. பத்து ரவுண்டு அடி வாங்கிய பிறகு அவருடைய கார்னரே, அதாவது ரிங் மூலையில் நிற்கிற அவர் தரப்பு ஆட்களே, சண்டையை நிறுத்தினார்கள். அதன்பின் அமெரிக்காவில் வழி சுலபமாக இல்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸ் தீவுக்குப் போனார்கள். அங்கே ரவுண்டுக்கு அடிக்க ஒழுங்கான மணிகூட இல்லாமல், மாட்டு மணியைத் தட்டியிருக்கிறார்கள். நாற்பதைத் தொடப்போகிற அலி, டிரெவர் பெர்பிக்கிடம் புள்ளியில் தோற்றார். அட்லாண்டா ஓட்டையைக் கொண்டாடுகிற நான் இந்த ஓட்டையை மன்னிக்கமாட்டேன்.

காரணம் சொந்த அனுபவம். பதினேழு வயதில் ஒரு சனிக்கிழமை ராத்திரி நாக் அவுட் ஆனேன். ஒன்பதாம் நாள் வேறு ஊரில் போட்டி. தம்பி பெயரை எழுதிக் கொடுத்தேன். மேஜையில் இருந்தவர் டீ குடித்துக்கொண்டே எடை பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது ரவுண்டில் எதிராளிக்கு மூன்று கிளவுஸ் தெரிந்தது. எந்தக் கிளவுஸுக்கு ஒதுங்குவது? திரும்பும்போது வழியெல்லாம் பஸ் ஜன்னலில் வாந்தி. இடது காதில் இன்றைக்கும் ஒரு ரீங்காரம்.

அமெரிக்கா 1996-ல் போட்ட சட்டம் இதைத்தான் பிடித்தது. வீரருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை உண்டு. எடை பார்ப்பதற்குள் அதைக் காட்டியாகவேண்டும். நாக் அவுட், காயம், ஊக்கமருந்து, பொய்ப் பெயர் என்று ஒரு மாநிலம் நிறுத்திவைத்தால் இன்னொரு மாநிலம் ஏற்றக்கூடாது. 2000-ல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். திருத்தச் சட்டத்துக்கு முகமது அலி பெயரையே வைத்தார்கள்! ஆனால் இது குத்துச்சண்டைக்கு மட்டும். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ வீரர்கள் இதில் வரமாட்டார்கள்.

கேள்வி: கார்னரில் தண்ணீர் கொடுப்பவருக்குக்கூட லைசென்ஸ் வேண்டுமாமே! டூ மச் இல்லையா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லைம்மா. வீரரின் கையில் துணி சுற்றுகிறவர் யார்? கார்னர் ஆள்தானே. 2009 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஆன்டோனியோ மார்கரிட்டோ என்கிற வீரரின் கைக்கட்டைத் தடவிப் பார்த்த எதிரணிப் பயிற்சியாளர் நாசிம் ரிச்சர்ட்சன், உள்ளே ஏதோ கெட்டியாக இருக்கிறது என்று சத்தம் போட்டார். பிரித்தால் விரல் முட்டிக்கு மேலே இறுகிப்போன பஞ்சு. கால்சியமும் கந்தகமும் இருப்பதாகப் பிறகு சோதனையில் தெரிந்தது. மாவுக்கட்டுப் போடுகிற பவுடரில் இருக்கிற சரக்கு. மார்கரிட்டோ, அவருடைய பயிற்சியாளர் இரண்டு பேர் லைசென்ஸையும் கலிஃபோர்னியா பிடுங்கியது. எனக்குத் தெரியாது என்றார் மார்கரிட்டோ. 2010 ஆகஸ்டில் கலிஃபோர்னியா மறுபடியும் மறுத்தது. அதே மாதம் டெக்சாஸ் கொடுத்துவிட்டது. நவம்பரில் அங்கேதான் பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவோவிடம் அடி வாங்கி மார்கரிட்டோவின் வலது கண்குழி எலும்பு உடைந்தது. அடுத்த வருஷம் நியூயார்க் கண்ணைத் தனியாகப் பரிசோதித்துவிட்டு அனுமதித்தது. ஒன்பது ரவுண்டில் அதே கண் மூடிக்கொள்ள, டாக்டர் சண்டையை நிறுத்தினார்.

கேள்வி: நாடு விட்டு நாடு லைசென்ஸ் வாங்கிய வேடிக்கை ஏதாவது?
– வாசகர், ஈரோடு

பதில்: பிரிட்டிஷ் வீரர் டெரெக் சிசோரா. 2012-ல் மியூனிக் பிரஸ் மீட்டில் இன்னொரு பிரிட்டிஷ் வீரர் டேவிட் ஹேயோடு கைகலப்பு. பிரிட்டிஷ் குத்துச்சண்டை போர்டு சிசோராவின் லைசென்ஸை எடுத்துவிட்டது. ஜூலையில் இருவரும் மோதியது லண்டன் அப்டன் பார்க்கில்தான், ஆனால் லக்ஸம்பர்க் நாட்டுக் குத்துச்சண்டை சம்மேளனத்தின் அனுமதியில்! போர்டு மிரட்டிப் பார்த்தது, சண்டை நடந்தேவிட்டது. ஐந்தாவது ரவுண்டில் சிசோரா அவுட். அடுத்த வருஷமே பிரிட்டிஷ் லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது.