அப்பாவை உட்காரவைக்க ஒரு பழைய சொகுசு கார்

அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, துபாய் வந்து எட்டு மாதம் ஆகிறது, லைசென்ஸும் எடுத்துவிட்டேன். பத்து வருஷம் ஓடிய ஜெர்மன் சொகுசு கார் ஒன்று புது கொரோலாவின் பாதி விலைக்கு வருகிறது. அப்பா பாபநாசம் ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். டிசம்பரில் வரும்போது அவரை நல்ல காரில் உட்காரவைக்க வேண்டும். வாங்கலாமா?"

வாங்கலாம் தம்பி. ஆனால் கார் விலையில் மூன்றில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வைக்க முடிந்தால் மட்டும். பழசாக ஆகக் கார் விலைதான் இறங்கும், அதன் உதிரிபாகத்தின் விலை இறங்காது. இது தெரியாமல்தான் என் முதல் காராக ஒரு பழைய ஜெர்மன் காரை வாங்கினேன். ஆகஸ்ட் மதியம், பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள், நடுரோட்டில் இன்ஜின் சூடு ஏறி நின்றுவிட்டது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் போகும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று உடைந்திருந்தது. கேரேஜில் பிரித்துப் பார்த்தால் வாட்டர் பம்ப்பும் போயிருந்தது. ஒரு மாதச் சம்பளம் அதிலேயே போனது.

நம்ம ஊர் கத்திரி வெயில் சில வாரம்தான். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை 45 டிகிரியைத் தொடும் நாள்கள் நிறைய. ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் வெந்து நொறுங்கும். ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் கார் என்றால், ராத்திரி நிறுத்திய காரைக் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

அடுத்தது வெள்ளம். 2024 ஏப்ரல் 16 மழையில் இங்கே ஏராளமான கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் திருநெல்வேலி ஜங்ஷன் மூழ்கியதைப் பார்த்த நமக்கு அந்தச் சேற்று வாடையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால், அந்த வாடையை மறைக்கத்தானோ என்று சந்தேகப்படுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடிப்பகுதியில் வண்டல் கறை தெரியும். டிக்கியில் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள்.

வளைகுடாவுக்கென்று தயாரித்த கார்தானா என்று கேளுங்கள். அமெரிக்காவில் அடிபட்டு, ஏலத்தில் எடுத்து, இங்கே பெயின்ட் அடித்து விற்கும் கார்கள் நிறைய உண்டு. சேஸிஸ் நம்பரை வைத்து அதன் பழைய கதையை எடுத்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் தயாரித்தது. ஐந்து வருஷம் தாண்டிய டயரோடு பாஸிங், அதாவது பதிவுக்கான வண்டிச் சோதனையில் தேர்ச்சி, கிடைக்காது.

இப்போது நான் ஓட்டுவது லெக்ஸஸ் இஎஸ் 350, 2015 மாடல். கேம்ரியில் வந்த அதே 3.5 லிட்டர் வி6 இன்ஜின் என்பதால் எந்தக் கேரேஜிலும் கை வைப்பார்கள், பாகமும் கிடைக்கும். உண்மையைச் சொன்னால், ஃபுஜைரா மலை வளைவுகளில், நம்ம மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறுவது போன்ற இடங்களில், என் பழைய ஜெர்மன் கார் தந்த பிடிப்பும் சந்தோஷமும் இதில் இல்லை. அதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது வயிற்றில் பயம் இல்லை.

பிறகு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இது இடதுபக்க ஸ்டீயரிங், அங்கே பதிவாகாது. இங்கேயே விற்க வேண்டியதுதான், அதனால் வாங்கும்போதே எளிதில் விலைபோகும் மாடலாகப் பாருங்கள்.

உங்கள் அப்பா டிரைவர், தம்பி. சீட்டின் தோலைவிட இன்ஜின் சத்தம்தான் அவர் காதில் முதலில் விழும். சனிக்கிழமை காலை நானும் கூட வருகிறேன். நாம் போய்ச் சேரும் வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதலில் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்க வேண்டும்.